அலுவலகச் சுவரும் நாட்டின் சுவரும்

2007ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒன்ராறியோ மாகாண அரசு தன் ஊழியர்களின் கணனிகளில் முகநூலை மூடியது. ஏறக்குறைய ஆறு வாரங்களின் பின், ஜூன் நடுப்பகுதி கழிந்த கையோடு, இலங்கையின் இணையச் சேவை நிறுவனங்கள் தமிழ்நெற் தளத்தைத் தமது வாடிக்கையாளருக்கு மூடின. முன்னதை ரொறொன்ரோவில் நாம் ஒரு சிரிப்போடு கடந்துபோனோம். பின்னதை ஒடுக்குமுறை என்று பெயர்சொல்லிக் கண்டித்தோம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்லத்தான். ஓர் எழுதுவினைஞர் தன் நண்பர்களின் புகைப்படங்களை வேலைநேரத்திற் பார்க்கமுடியாமற் போவதும், போரிடும் ஓர் அரசு அந்தப் போர் பற்றிய மறுதரப்புச் செய்தியைத் தன் குடிமக்களிடமிருந்து மறைப்பதும் ஒன்றாகிவிடாது. ஆனால் இரண்டையும் செய்த முறை ஒன்று. ஒரு வாயில், வாயிலில் ஒரு பட்டியல், பட்டியலை எழுதியவர் யாரென்று தெரியாத நிலை. இந்த முறை எங்கிருந்து எங்கே போயிற்று என்று தேடிப்பார்த்தால், அது அரசிடமிருந்து அலுவலகத்துக்கு இறங்கியதைவிட, அலுவலகத்திலிருந்து அரசுக்கு ஏறியதே அதிகம் என்பது தெரியவரும். தணிக்கை பற்றிய நமது கருத்தாடல்களில் இந்தப் பக்கம் போதியளவு பேசப்படவில்லை.

இணைய வடிகட்டிகள் முதலிற் பிள்ளைகளின் பெயரால் விற்கப்பட்டவை. 1995இல் அமெரிக்காவிற் சந்தைக்கு வந்த சேர்ஃப்வாட்ச் போன்றவை பெற்றோரின் அச்சத்தை நம்பிப் பிழைத்தன. ஆனால் பெற்றோர் ஒருமுறை வாங்கிவிட்டு இருந்துவிடுவார்கள். நிறுவனங்களோ ஆண்டாண்டாகச் சந்தா கட்டும். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 1994இல் தொடங்கிய நெற்பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் 1996இல் வெப்சென்ஸ் என்ற மென்பொருளை அலுவலகங்களுக்கென்றே வெளியிட்டது. பின்னர் அந்தப் பெயரையே தனக்கும் சூடிக்கொண்டது. அன்றைய முதலாளிகளிடம் காரணங்கள் இருந்தன. அவை எல்லாம் பொய்யுமல்ல. நூறுபேர் வேலைசெய்யும் இடத்துக்கு ஒரேயொரு மெலிந்த இணைப்பு. அதில் நாலுபேர் படம் பார்த்தாற் கணக்குப் பிரிவு நின்றுபோகும். மேசையில் ஆபாசப் படத்தைத் திறந்துவைக்கும் ஆண்களைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டிய கடமை பெண் ஊழியர்களுக்கு இல்லை. அவர்கள் வழக்குப் போட்டால் நட்டஈடு கட்டவேண்டியவர் முதலாளி. வைரசுப் பயம் வேறு. இவை எல்லாவற்றுக்கும் அடியில், கூலி கொடுத்து வாங்கிய மணித்தியாலம் தன் சொத்து என்ற எண்ணம். மார்க்சைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆலைச் சங்கின் இடத்தில் மென்பொருள் வந்து உட்கார்ந்தது.

வடிகட்டி வேலைசெய்யும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. உலகின் இணையத்தளங்களை நிறுவனம் தன் ஆட்களைக்கொண்டும் தானியங்கி முறையாலும் வகைபிரித்து வைக்கிறது: விளையாட்டு, சூதாட்டம், வேலைதேடல், அரசியல், இப்படிப் பல பத்து வகைகள். அந்தப் பட்டியல் வாடிக்கையாளரான அலுவலகத்துக்கு இடைவிடாது புதுப்பித்து அனுப்பப்படுகிறது. அலுவலகத்தின் கணனிப் பொறுப்பாளர் செய்வது, எந்த வகை வேண்டாம் என்று பெட்டிகளிற் புள்ளடி போடுவது மட்டுமே. ஆக, ஒரு தளத்தை மூடும் முடிவு இரண்டாகப் பிளக்கிறது. வகைபிரித்தவர் 'நான் மூடச் சொல்லவில்லை, பெயர்தான் வைத்தேன்' என்பார். புள்ளடி போட்டவர் 'நான் அந்தத் தளத்தைப் பார்த்ததேயில்லை, வகையைத்தான் மூடினேன்' என்பார். பொறுப்பு இருவருக்கும் நடுவிலே விழுந்து காணாமற்போகிறது. பத்திரிகைத் தணிக்கை அதிகாரியிடம் இந்த வசதி இருக்கவில்லை. கொழும்பில் நெருக்கடிக்காலச் சட்டத்தின்கீழ்த் தணிக்கை நடந்தபோது, வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டே சில பத்திரிகைகள் அச்சிட்டன. அந்த வெள்ளை இடமும் ஒரு செய்தியாகவே இருந்தது. வடிகட்டியின் பக்கத்திலோ அலுவலகத்தின் சின்னமும் 'கொள்கைப்படி தடுக்கப்பட்டுள்ளது' என்ற ஒரு வரியுந்தான்.

தமிழ்த் தளங்கள் இந்த வகைகளுக்குள் எப்படி விழுந்தன என்பது தனிக்கதை. வெப்சென்சின் வகைகளில் 'ஆதரவுக் குழுக்கள்', 'ஆயுதப்போக்கும் தீவிரவாதமும்' என்பனவும் இருந்தன. 2006 ஏப்ரல் 8இல் கனடிய அரசு விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. 2008 ஜூனில் உலகத் தமிழர் இயக்கத்தையும் அதில் சேர்த்தது. போர்ச் செய்தி சொல்லும் எந்தத் தமிழ்த் தளத்திலும் சீருடைப் படங்கள் இல்லாமலிருக்காது. தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவரோ ஓர் இயந்திரமோ அதை எந்தப் பெட்டியிற் போட்டிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யூனிக்கோட் பரவுவதற்கு முன்னர் பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த தமிழ்ப் பக்கம், இயந்திரத்தின் கண்ணுக்கு ஒழுங்கற்ற ரோமன் எழுத்துக்களின் குவியல். ஆங்கிலச் சொற்களைத் தேடித் தடுக்கும் வடிகட்டிக்கு அதில் எதுவும் அகப்படாது. நமது எழுத்துரு அராஜகத்தை அந்நாட்களில் எத்தனையோ கூட்டங்களிற் திட்டித்தீர்த்தோம். அது நம்மை ஒளித்தும் வைத்தது.

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் இந்த விடயம் சிரிப்புக்குரியதாக இருக்கவில்லை. வன்னியில் எறிகணை விழும் இடத்தின் பெயர் ஒவ்வொரு மணித்தியாலமும் மாறிக்கொண்டிருந்தது. ரொறொன்ரோவில் அலுவலக மேசையில் இருந்தவர்கள் பத்து நிமிடத்துக்கொருமுறை செய்தித்தளங்களைத் திறந்தார்கள். அப்போது ஸ்காபரோவிலிருந்து தினமும் நகர்மையத்துக்குப் போய்வந்த நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் ஒரு தமிழ்ச் செய்தித்தளம் 'தீவிரவாதம்' என்ற காரணத்தோடு மூடப்பட்டது. திறந்துவிடும்படி கேட்பதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் 'வேலை சார்ந்த காரணம்' என்று ஒரு கட்டம். தமக்கை புதுமாத்தளனில் இருக்கிறாள் என்பது வேலை சார்ந்த காரணமல்ல. நண்பர் அந்தப் படிவத்தை நிரப்பவில்லை. நிரப்பினால் தன் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் பதிவாகிவிடும் என்று பயந்தார். கதவு மூடியிருப்பதைவிட, தட்டினவன் யாரென்ற குறிப்பு இருக்கும் என்பதே பெரிய தடையாயிற்று. இதையும் சொல்லவேண்டும்: நம்மவரிற் பெரும்பகுதியினர் அப்போது தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் நின்றவர்கள். அவர்களுக்கு மூடுவதற்குக்கூட ஒரு கணனி இருக்கவில்லை. வானொலியும் தொலைபேசி அட்டையுமே அவர்களின் இணையம்.

வடிகட்டியைச் சுற்றிப்போகும் வழிகள் வடிகட்டியளவு பழையவை. இணையப் பக்கத்தை இன்னொரு மொழிக்கு மாற்றித்தரும் சேவையிடம் முகவரியைக் கொடுத்தால், பக்கத்தைக் கொண்டுவருவது அந்தச் சேவை. வாயிலிற் பதிவாவதும் அதன் பெயர். தேடுபொறி சேமித்து வைத்திருக்கும் பிரதியைத் திறப்பது இன்னொன்று. வீட்டிலிருப்பவர் செய்தியைப் பிரதிபண்ணி மின்னஞ்சலில் அனுப்புவது மிக எளியது, மிகப் பரவலானது. இடைநிலைச் சேவையகங்களின் முகவரிகள் கைமாறின. வடிகட்டிக்காரர் அவற்றுக்கென்றே ஒரு வகையை ஏற்படுத்தி அதையும் மூடினர். யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றித் தமிழோசை கேட்ட தலைமுறைக்கு இதிற் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் இந்தக் கைவினைகளை ஒரு முறையாக்கியது ரொறொன்ரோவிலேயே நடந்தது என்பதை நம்மவர் பலர் கவனித்ததில்லை. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் 2001இல் றொனால்ட் டீபேர்ட் தொடங்கிய சிற்றிசன் லாப், 2006 டிசம்பர் 1இல் சைஃபன் என்ற மென்பொருளை வெளியிட்டது. அதன் முதல் வடிவத்தின் கருத்து மிக எளிமையானது. தடையில்லாத நாட்டில் இருப்பவர் தன் வீட்டுக் கணனியில் அதை நிறுவுவார். தடையுள்ள நாட்டில் தனக்கு நம்பிக்கையான ஒருவருக்கு ஒரு முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுப்பார். அங்கிருப்பவர் எதையும் நிறுவத் தேவையில்லை. அவர் கேட்கும் பக்கம் இங்குள்ள வீட்டுக் கணனியூடாக, வங்கிக் கொடுக்கல்வாங்கலுக்குப் பயன்படும் அதே மறைகுறியீட்டுக்குள் சுற்றப்பட்டுப் போய்ச்சேரும். இடையில் நிற்கும் காவலனுக்கு இரண்டு பேர் ஏதோ பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. தொழில்நுட்பத்தைவிட நம்பிக்கையே இதன் முதல். நமக்கு இது உண்டியல் முறை. இங்கே ஒரு கடையிற் காசைக் கட்டினால் அங்கே ஒருவர் வீட்டுவாசலிற் கொண்டுவந்து கொடுப்பார். நடுவில் வங்கியும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. உறவையும் ஊரையும் நம்பி எவ்வளவோ பணத்தை அனுப்பிய ஒரு சமூகம், அதே உறவின்மேற் செய்தியையும் அனுப்பியிருக்கலாம். ஸ்காபரோவின் ஆயிரம் நிலக்கீழறைக் கணனிகள் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் ஆயிரம் வாசல்களாகியிருக்கக்கூடும். அப்படி ஓர் இயக்கம் எழவில்லை. ஊர்வலத்துக்கும் கொடிக்கும் நாம் கொடுத்த உழைப்பில் ஒரு சிறுபகுதி போதுமாயிருந்தது என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் எழுதலாம்.

முதலாளியும் இணையச் சேவை வழங்குபவரும் ஒருவரேயானால் என்ன நடக்கும் என்பதைக் கனடா 2005இற் கண்டது. மேற்கு மாகாணங்களின் பெரும் தொலைபேசி நிறுவனமான ரெலசுக்கும் அதன் தொழிற்சங்கத்துக்கும் அந்தக் கோடையில் தகராறு மூண்டது. சங்கத்தின் ஆதரவாளர் நடத்திய 'வொய்சஸ் ஃபோர் சேஞ்ச்' என்ற தளத்தை ரெலஸ் ஜூலை மாத இறுதியிற் சில நாட்கள் மூடியது. தன் அலுவலகக் கணனிகளில் மட்டுமல்ல, தன்னிடம் இணைய இணைப்பு வாங்கிய அத்தனை வாடிக்கையாளருக்கும். மறியலைத் தாண்டி வேலைக்குப் போனவர்களின் படங்களைப் போட்டு மிரட்டுகிறார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். ஆபத்தில்லாத வாதமென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைத் தீர்க்க நீதிமன்றம் இருந்தது. பின்னர் அங்கேதான் போனார்கள். தளத்தின் பெயரையல்லாமல் அது குடியிருந்த சேவையகத்தின் எண்முகவரியையே மூடியதால், அதே முகவரியிற் குடியிருந்த, தகராறுக்குச் சம்பந்தமேயில்லாத 766 தளங்களும் சேர்ந்து மறைந்தன என்று சிற்றிசன் லாப் பங்குகொண்ட ஆய்வுக்குழு கண்டறிந்தது. ஆணைக்குழுவின் அனுமதியின்றித் தொலைத்தொடர்பு நிறுவனம் தன் கம்பியிற் போகும் உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தலாகாது என்று கனடியத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு அப்போது புத்தகத்திலேயே இருந்தது.

ஒன்றை மூடப்போய் ஊரையே மூடுவது இந்தியாவுக்கும் பழக்கமானது. 1999இல் கார்கில் போரின்போது பாகிஸ்தானின் 'டோன்' பத்திரிகைத் தளம் அங்கு மூடப்பட்டது. 2003இல் மேகாலயாவைச் சேர்ந்த ஒரு சிறு யாகூ குழுவை மூடச் சொன்ன உத்தரவால் யாகூ குழுக்கள் அனைத்தும் சில நாட்கள் கிடைக்காமற் போயின. 2006 ஜூலையில் மும்பை ரயிற் குண்டுவெடிப்புகளின் பின் சில பக்கங்களை மூடச் சொன்னபோது, இணையச் சேவை நிறுவனங்கள் புளொக்ஸ்பொட்டையே முழுதாக அடைத்தன. அன்றைய தமிழ் வலைப்பதிவுகளிற் பல அங்கேதான் குடியிருந்தன.

அலுவலக வடிகட்டி நாட்டின் வடிகட்டியான கதைக்கு வருவோம். அமெரிக்க ஸ்மார்ட்ஃபில்ற்றர் சவூதி அரேபியாவிலும் துனீசியாவிலும் அரச தணிக்கைக்குப் பயன்பட்டது. வெப்சென்ஸ் யேமனிற் பயன்பட்டது. விமர்சனம் எழுந்த பின் 2009இல் வெப்சென்ஸ் யேமனிலிருந்து விலகிக்கொண்டபோது, அந்த வெற்றிடத்தை நிரப்பியது ஒன்ராறியோவின் நெற்சுவீப்பர். ரொறொன்ரோவிலிருந்து ஒருமணித்தியாலக் கார்ப்பயணத்திற்கூட எட்டிவிடக்கூடிய குவெல்ஃபில் வளர்ந்த நிறுவனம் அது. பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செய்த சரக்கு. நாட்டின் தலைவாயிலில் மாட்டினாலும் வேலைசெய்தது. குடிமகனை வேலைநேரத்திலுள்ள ஊழியனாகப் பார்க்கும் அரசுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறு கிடைக்காது. பாகிஸ்தானில் அது பயன்படுவதை 2013இலும், இந்தியா, பஹ்ரெய்ன், யேமன் உள்ளிட்ட பத்து நாடுகளில் அதன் பயன்பாட்டை 2018 ஏப்ரலிலும் சிற்றிசன் லாப் அறிக்கைகளாக வெளியிட்டது. இடையில் 2016இல் அந்நிறுவனம் பல்கலைக்கழகத்தின்மீதும் டீபேர்ட்மீதும் அவதூறு வழக்குத் தொடுத்து, சில மாதங்களில் அதைக் கைவிட்டது. அதன் வகைகளில் 'மாற்று வாழ்க்கைமுறைகள்' என்று ஒன்று இருந்தது; தன்பாலீர்ப்பினர் தொடர்பான தளங்களை ஒரேயடியாக மூட அது உதவியது. கண்டனங்களின் பின்னரே அந்த வகை நீக்கப்பட்டது. ஒரே மாகாணத்தில், ஒரே நெடுஞ்சாலையின் இரு முனைகளில், சுவரைச் செய்தவர்களும் சுவரைத் தாண்டும் ஏணியைச் செய்தவர்களும் இருந்தார்கள்.

இலங்கை பற்றி நாம் அறிந்ததை அதிகம் விரிக்கத் தேவையில்லை. தமிழ்நெற்றின் ஆசிரியர் சிவராம் 2005 ஏப்ரல் 28இற் கடத்தப்பட்டு மறுநாட் பிணமாகக் கிடந்தார். தளம் மூடப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின். ஆளைக் கொன்று தீராதது, வாசகனை மறிப்பதில் வந்து நின்றது. 2011 நவம்பரிற் செய்தித்தளங்கள் ஊடக அமைச்சிற் பதியவேண்டும் என்று உத்தரவு வந்தது. பல சிங்கள, ஆங்கிலத் தளங்களும் மூடப்பட்டன. தமிழரின் தளத்தை மூடியபோது தெற்கில் அதிகம் பேர் பேசவில்லை. கருவி பழகிய பின் அது அவர்களிடமும் வந்தது. 2015 ஜனவரி ஆட்சிமாற்றத்தின் பின்னரே மூடப்பட்டவை திறக்கப்பட்டன. அதன் பிறகு 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்து முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும் சமூக ஊடகங்கள் மூடப்பட்டன. 2018இல் முகநூலிற் பரவிய வெறுப்புக்கும் எரிந்த கடைகளுக்கும் தொடர்பிருந்தது உண்மை. தணிக்கை எதிர்ப்பாளர்களான நாம் அந்த உண்மையை விழுங்கிவிட்டுப் பேசக்கூடாது. 2022 ஏப்ரல் 3இல் மக்கள் எழுச்சிக்கு அஞ்சி மீண்டும் மூடியபோது, அன்றைய அமைச்சரும் அரச குடும்பத்துப் பிள்ளையுமான நாமல் ராஜபக்ஷவே தான் வி.பி.என். ஊடாக எழுதுவதாகவும் இத்தகைய தடை பயனற்றதென்றும் பகிரங்கமாகச் சொன்னார். தடை அன்றே நீங்கியது.

பட்டியல் வைத்திருந்தவர்கள் அரசும் முதலாளியும் மட்டுமா? டி.பி.எஸ். ஜெயராஜ் 1993இல் ரொறொன்ரோவில் தாக்கப்பட்டார். அவருடைய வாரப்பத்திரிகையை வைக்கவேண்டாமென்று கடைக்காரர்களும் விளம்பரம் கொடுக்கவேண்டாமென்று வியாபாரிகளும் நெருக்கப்பட்டனர், பத்திரிகை நின்றது. 1994 மே 1இற் பாரிசிற் சபாலிங்கம் தன் வீட்டிற் சுட்டுக்கொல்லப்பட்டார். இங்கே மரக்கறிக் கடையின் பத்திரிகைத் தட்டுத்தான் நமது வாயிலாக இருந்தது. அங்கே எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்ற பட்டியலை யாரோ எழுதினார்கள். கடைக்காரர் 'எனக்கேன் வில்லங்கம்' என்று எடுத்து உள்ளே வைத்தார். வகைபிரித்தவரும் புள்ளடி போட்டவரும் வேறுவேறு ஆட்களான அதே ஏற்பாடு. 'துரோகி' என்பது அந்தப் பட்டியலின் ஒரே வகை. 2007 ஜூனில் தமிழ்நெற் தடையைக் கண்டித்துக் கையெழுத்திட்டவர்களில் எத்தனைபேர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர் மௌனமாக இருந்தார்கள் என்பதை அவரவரே எண்ணிக்கொள்ளட்டும்.

இதற்குள் அலுவலகத் தடையின் வலு வேறொரு வழியாற் குறைந்தது. 2008 ஜூலையில் ஐபோன் கனடாவுக்கு வந்தது; சில ஆண்டுகளில் ஒவ்வொரு சட்டைப்பையிலும் அலுவலக வாயிலைத் தொடாத ஓர் இணைப்பு இருந்தது. மதிய இடைவேளையில் தன் தொலைபேசியில் எதையும் வாசிக்கும் ஊழியனுக்கு முன்னால் வடிகட்டி அர்த்தமிழந்தது. ஆனால் முதலாளியின் நாட்டம் மூடுவதிலிருந்து பார்ப்பதற்கு இடம்பெயர்ந்தது. மறைகுறியீட்டுக்குள் போகும் தொடர்பையும் அலுவலகத்தின் சான்றிதழைக் கணனியில் வைத்து இடையில் அவிழ்த்துப் பார்த்துவிட்டு மீண்டும் கட்டி அனுப்பும் கருவிகள் பரவின. விசைத்தட்டலை எண்ணும் மென்பொருட்கள் பெருந்தொற்றுக் காலத்தில், 2020இன் பின், வீட்டு மேசைவரை வந்தன. திறந்திருக்கும் கதவு, உட்செல்பவரின் பெயரைக் குறித்துக்கொள்ளும்.

கனடிய நீதிமன்றங்கள் இதில் மெதுவாக நடந்திருக்கின்றன. சட்பரி ஆசிரியர் ஒருவரின் பணியிட மடிக்கணனி தொடர்பான கோல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில், கணனி முதலாளியுடையதாயினும் அதில் ஊழியருக்கு அந்தரங்கம் பற்றிய நியாயமான எதிர்பார்ப்பு, குறைந்த அளவிலேனும், உண்டு என்றது. ஆயினும் அந்த வழக்கில் அகப்பட்ட சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்தது நம்மவர் செறிந்து வாழும் மார்க்கத்தை உள்ளடக்கிய யோர்க் பிராந்தியக் கல்விச்சபை வழக்கு. இரண்டு ஆசிரியைகள் தங்கள் பணியிடக் கவலைகளைத் தனிப்பட்ட கூகிள் கணக்கொன்றிற் குறிப்பாக எழுதிவந்தார்கள். அது வகுப்பறைக் கணனியில் திறந்தபடி இருந்தவேளை அதிபர் வந்து வாசித்துத் தன் தொலைபேசியிற் படமெடுத்தார். பத்தாண்டுகள் நடந்த பிணக்கில் 2024 ஜூன் 21இல் உச்ச நீதிமன்றம், உரிமைச் சாசனத்தின் 8ஆம் பிரிவு ஒன்ராறியோப் பொதுப் பாடசாலை ஆசிரியர்களைத் தம் வேலையிடத்திலும் காக்கும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அது அரசு சார்ந்த முதலாளிகளுக்கே பொருந்தும். வங்கி, விமானம், தொலைத்தொடர்பு போன்ற கூட்டாட்சி ஒழுங்குக்குட்பட்ட துறைகளின் ஊழியருக்குக் கூட்டாட்சித் தனியுரிமைச் சட்டம் ஓரளவு உண்டு. ஒன்ராறியோவின் ஏனைய தனியார்துறை ஊழியருக்கு அதற்கு இணையான மாகாணச் சட்டம் இயற்றப்படவில்லை.

அவர்களுக்குக் கிடைத்தது 2022இல் வேலைத்தரச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட ஒரு திருத்தம். அதன்படி 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரை வைத்திருக்கும் முதலாளி, இலத்திரனியல் முறையிற் கண்காணிக்கிறாரா, எப்படி, எந்தச் சூழ்நிலைகளில், எதற்காக என்று எழுத்திற் கொள்கையொன்றை வைத்து, ஊழியருக்குப் பிரதி கொடுக்கவேண்டும். முதற் தவணை 2022 அக்டோபர் 11. கண்காணிக்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. திரட்டியதை என்ன செய்யலாம் என்பதற்கும் எல்லை வகுக்கவில்லை. பிரதி தரவில்லை என்று முறையிடலாம், அவ்வளவே. அலுவலகத்தில் வேலைசெய்யும் வாசகர்கள் அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கி, எது பதிவாகிறது, எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவைப்பது நல்லது. நமது பலசரக்குக் கடைகள், சிறு உணவகங்கள், வானொலி நிலையங்கள், கணக்காளர் அலுவலகங்களிற் பெரும்பாலானவற்றுக்கு 25 ஊழியர் இல்லை. அங்கே கல்லாவின்மேல் தொங்கும் கமராவுக்கும் பின்னறைக் கணனிக்கும் எழுத்தில் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை.